பிடுங்கிய பிறகும் விழுந்த காற்புள்ளி

அவன் இடது கை விசைப்பலகைப் போர்டின் ஓரத்தைப் பிடித்திருந்தது. வலது கை இடுக்கியின் இரண்டு முனைகளையும் இரண்டு செப்புப் புள்ளிகளின் மேல் வைத்து, மெல்ல அழுத்தி, எடுத்தது. பக்கத்திலிருந்த கணினித் திரையில் ஒரு 'ல' விழுந்தது. இடுக்கி அடுத்த ஜோடிப் புள்ளிகளுக்கு நகர்ந்தது. ஒரு 'ர' விழுந்தது. அதற்கடுத்த இடத்தில் வைத்தபோது எதுவும் விழவில்லை. இடுக்கியைச் சற்றுச் சாய்த்தும், நிமிர்த்தியும், கெஞ்சுகிற மாதிரி தட்டியும் பார்த்தான். திரை கல்லாய் இருந்தது.

"மாப்பிள்ளை, இன்னிக்காவது எழுத்து ஏதாவது வருதா, இல்ல எல்லாம் லீவுல இருக்கா?" என்று கூடத்திலிருந்து குரல் வந்தது. தொலைக்காட்சியின் சத்தத்தை அடியோடு குறைத்து வைத்துவிட்டு, சமையலறையில் நடப்பதையே கேட்டுக்கொண்டிருந்தார் மாமியார்.

"வருது அத்தை. ஒரு வரிசை மட்டும் கொஞ்சம் அடம் பிடிக்குது."

"பிடிக்கத்தான் செய்யும். செஞ்சவங்க கைவாகு அப்படி."

இடுக்கி மறுபடியும் அதே புள்ளிகளில் போய் உட்கார்ந்தது.

அவன் வேலை பார்த்த மேசை சமையல் மேசை. அதில் பாதியை மனைவி அவனுக்கு விட்டுக்கொடுத்திருந்தாள். நடுவே மஞ்சள் நிற ஒட்டுநாடா ஒன்று எல்லைக்கோடாக ஓடியது. வெங்காயத் தோல் கோட்டைத் தாண்டினால் அவன் சண்டைக்குப் போகலாம். பற்றவைக்கிற ஈயத்துளி தாண்டினால் அவள் போகலாம். மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள் என்பதால் சுத்தத்தில் அவள் கறார். இந்த ஏற்பாடு வந்த நாளிலிருந்து தோல் ஒரு தடவைகூடத் தாண்டியதில்லை. ஈயத்தைப் பற்றிப் பேசாமல் இருப்பது நல்லது.

பிழைப்பு என்று பார்த்தால் அவன் லிஃப்ட் மெக்கானிக். ஊரிலுள்ள அடுக்குமாடிகளில் பாதிக்கு அவன் கம்பெனிதான் பராமரிப்பு. "எங்க மாப்பிள்ளைக்கு வேலையில ஏற்ற இறக்கம் ஜாஸ்தி" என்று மாமியார் உறவினர்களிடம் முகத்தை வைத்துக்கொண்டு சொல்வார். கேட்டவர்கள் வருத்தப்பட்டு ஆறுதல் சொன்ன பிறகுதான் லிஃப்ட் விஷயம் வெளியே வரும்.

விசைப்பலகைப் பைத்தியம் பிடித்தது அந்த வேலையில்தான். ஒரு பழைய கட்டடத்தில் லிஃப்டை மாற்றியபோது, மாடி எண்கள் போட்ட பொத்தான் பலகையைக் குப்பையில் போட்டார்கள். அதை வீட்டுக்குத் தூக்கி வந்து பிரித்தான். இத்தனை பொத்தானுக்கு இவ்வளவு குறைந்த கம்பிதானா என்று ஆச்சரியப்பட்டவன், கம்பிகளைப் பின்தொடர்ந்து போய் விஷயத்தைப் பிடித்துவிட்டான். குறுக்கே சில கம்பிகள், நெடுக்கே சில கம்பிகள். அவை வெட்டிக்கொள்ளும் இடத்தில் ஒவ்வொரு பொத்தான். அழுத்தினால் ஒரு குறுக்கும் ஒரு நெடுக்கும் தொட்டுக்கொள்ளும். எது எதைத் தொட்டது என்று பார்த்து, இன்ன பொத்தான் என்று பலகையில் இருக்கிற மின்னணுச் சில்லு கண்டுகொள்ளும். கணினி விசைப்பலகையும் உள்ளே இதே கதைதான். கூடவே, ஒவ்வொரு விசைக்கும் அடியில் அரிசிக் குருணை அளவில் ஒரு டயோடு இருக்கும். மின்சாரத்தை ஒரு பக்கம் போக விட்டு, மறுபக்கம் திரும்பி வர விடாத காவல்காரன் அது.

அதன் பிறகு அவன் கை நிற்கவில்லை. கம்பெனி கணக்காளருக்கு ஒன்று, பக்கத்து வீட்டு மொழிபெயர்ப்பாளருக்கு ஒன்று என்று செய்து கொடுத்தான். போர்டை வரைந்து அச்சடிக்கக் கொடுப்பதிலிருந்து கடைசி விசைமூடியை மாட்டுவது வரை எல்லாம் அவனே. தெருவில் 'பட்டன் டாக்டர்' என்று பெயர் வந்துவிட்டது. அந்தப் பெயரை அவன் வெறுப்பதாகச் சொல்லிக்கொண்டான். யாராவது அப்படிக் கூப்பிட்டால் மட்டும் முதல் குரலிலேயே திரும்பிவிடுவான்.

அவன் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. லிஃப்ட் நின்றுவிட்டால், எந்தக் கதவுப் பூட்டில் தொடர்பு விட்டது என்று கண்டுபிடிக்க, சந்தேகப்பட்ட இடத்தை ஒரு துண்டுக் கம்பியால் தாண்டிவிட்டுப் பார்ப்பார்கள். ஜம்பர் என்பார்கள் அதை. கம்பி வைத்ததும் லிஃப்ட் நகர்ந்தால் கோளாறு அங்கேதான். ஆனால் கம்பியை எடுக்க மறந்தால், கதவு திறந்து கிடந்தாலும் லிஃப்ட் பாட்டுக்கு ஓடும், ஆள் விழும். அதனால் ஜம்பர்கள் எல்லாம் சிவப்பு நிறத்தில், நீண்ட வாலோடு இருக்கும். வேலை முடிந்ததும் ஒருவர் பையில் போட்டுக்கொண்டே சொல்ல வேண்டும், இன்னொருவர் எண்ண வேண்டும். கணக்கு சரியாக வந்தால்தான் பெட்டியை மூடலாம். இதில் அவனைவிடக் கண்டிப்பான ஆள் கம்பெனியில் கிடையாது. எண்ணாமல் மூடிய ஒருவரை, போகிற வருகிற இடமெல்லாம் அவன் வார்த்தையால் வறுத்தெடுத்ததில் அந்த மனிதர் கிளை மாற்றிக்கொண்டு போய்விட்டார்.

மாமியார் நீதிமன்றத்தில் தட்டச்சர். சாட்சி பேசப் பேச அடிக்கிறவர். நீதிபதிக்கு இடப்பக்கம் சற்றுத் தாழ்வாக ஒரு மேசை. அதில் அவர் உட்கார்ந்த பிறகுதான் அன்றைய வழக்கு தொடங்கியதாக வழக்கறிஞர்களே நினைத்துக்கொள்வார்கள். பொய் சொல்கிற சாட்சியை விரல் நுனியிலேயே தெரிந்துகொள்வேன் என்பார். "உண்மை சொல்றவன் நிறுத்தி நிறுத்திப் பேசுவான், எனக்கு மூச்சு விட நேரம் கிடைக்கும். பொய் சொல்றவன் ஒரே ஓட்டமா ஓடுவான்." வீட்டிலும் அவருக்கு அதே காதுதான். குழம்பில் உப்பு, சுவரில் ஆணி, மகளின் தலை வகிடு, மருமகன் செருப்பு விடும் கோணம் என்று கண்ணில் பட்டதற்கெல்லாம் ஒரு திருத்தம் வைத்திருப்பார். பெண் பார்க்கப் போன அன்று அவனிடம் அவர் கேட்ட முதல் கேள்வி, "சட்டை பட்டன் ஒண்ணு நூல் வேற கலர்ல தைச்சிருக்கே, கவனிச்சீங்களா?"

அப்படிப்பட்டவருக்கு இடது மணிக்கட்டில் வலி வந்தது. முதலில் மாலையில் மட்டும், பிறகு மதியத்திலேயே. மருத்துவர் பார்த்துவிட்டு, மணிக்கட்டு திரும்பாமல் அடிக்கிற வழியைப் பாருங்கள், இல்லையென்றால் அடிப்பதை விட்டுவிடுங்கள் என்றார். தலைமை எழுத்தர் நல்ல மனிதர். அவராகவே பதிவறையில் ஓர் இடம் காலியாக இருப்பதாகச் சொன்னார். கட்டுக்கட்டாய்ப் பழைய வழக்குகள் அடுக்கி வைத்திருக்கும் அறை அது. வலி இல்லை, அவசரம் இல்லை. பேச்சுத் துணைக்குக் கரப்பான்பூச்சிகள்.

அன்று சாப்பாட்டு நேரத்தில் இதைச் சொல்லிவிட்டு மாமியார் தண்ணீர்க் குவளையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவன்தான் வாயைக் கொடுத்தான். "உங்க கைக்குன்னே ஒரு கீபோர்டு செஞ்சு தர்றேன் அத்தை. நீங்க எங்கயும் போக வேணாம்." மனைவி மேசைக்கடியில் அவன் காலை மிதித்தாள். கொஞ்சம் தாமதமாக மிதித்துவிட்டாள்.

மாமியார் அந்தப் பேச்சை அப்படியே பிடித்துக்கொண்டு அலுவலகத்தில் ஓர் ஏற்பாடு செய்துவிட்டார். அடுத்த மாதம் முதல் திங்கட்கிழமை காலை, நீதிமன்றம் கூடும் முன்பு, தன் சொந்த விசைப்பலகையில் அடித்துக் காட்டுவார். பழைய வேகமும் பழைய சுத்தமும் இருந்தால் நாற்காலி அவருடையது. இல்லையென்றால் பதிவறைக்கு வாய் திறக்காமல் போய்விடுவார். சொல்லிவிட்டு, மருத்துவ விடுப்பு போட்டுப் பெட்டியோடு மகள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார், செய்கிற இடத்திலேயே இருந்து குறை சொல்ல வசதியாக.

செய்தித்தாளில் அவர் இரண்டு கைகளையும் வைக்கச் சொல்லி, சுற்றிப் பென்சிலால் வரைந்து அளவு எடுத்தான். பலகையை இரண்டு பாதியாகப் பிரித்து, தோள் அகலத்துக்குத் தள்ளி வைக்கும்படி அமைத்தான். தமிழில் மிக அதிகமாக அடிபடுகிற விசை மெய்யெழுத்துக்கு வைக்கும் புள்ளி. அது இடது கைப் பக்கம் இருந்து அந்த மணிக்கட்டின் உயிரை எடுத்தது. அதைத் தூக்கி வலது பாதியில் 'ம' விசைக்குப் பக்கத்திலேயே வைத்தான். வலது கட்டைவிரலுக்கு இடைவெளி விசை, அதையொட்டிக் காற்புள்ளி. மாமியார் அந்த வரைபடத்தைத் தலைகீழாகவும் திருப்பிப் பார்த்துவிட்டு, குறை கிடைக்காததால், கோடு நேராக இல்லை என்றார்.

போர்டு அச்சாகி வந்து, பாகங்களைப் பற்றவைத்து முடித்த பிறகுதான் ஒரு வரிசை அடம் பிடித்தது. ஓர் ஒற்றை விசை பேசாவிட்டால் பெரும்பாலும் அதன் கால் மடங்கியிருக்கும். விசையைப் பிடுங்கிக் காலை நிமிர்த்திச் சொருகினால் போதும். நெடுக்கே ஒரு வரிசையே பேசாவிட்டால், அந்த வரிசையின் கம்பி சில்லுக்குப் போய்ச் சேரும் இடத்தைப் பார்க்க வேண்டும். மீட்டரை வைத்துப் பார்த்தான். சில்லின் காலில் ஈயம் பளபளப்பில்லாமல், பழைய சுண்ணாம்பு மாதிரி வெளுத்து, ஒட்டியும் ஒட்டாமலும் நின்றது. மறுபடி சூடு காட்டியதும் வரிசை உயிர் பெற்றது. 'ம' மட்டும் வரவில்லை.

'ம' விசையின் கால் நேராக இருந்தது. மிச்சம் இருந்தது டயோடு. அதைச் சோதிக்க, தலைமுடி போன்ற ஒரு செப்பு இழையை அதன் இரு முனைக்கும் குறுக்கே பற்றவைத்தான். இடுக்கியை வைத்ததும் திரையில் ஒரு 'ம' பிறந்தது. ஆக, டயோடுதான் கெட்டது. புதியதைப் போட வேண்டும். புதியதை எடுக்கக் கை நீட்டினான். அதே நேரம் தொலைபேசி அடித்தது. ஏதோ ஒரு கட்டடத்தில் லிஃப்ட் நின்று, உள்ளே இரண்டு பேர்.

போய்த் திறந்தபோது உள்ளே இருந்தவர்கள் மேல்வீட்டுக்காரரும் கீழ்வீட்டுக்காரரும். தண்ணீர்க் கசிவுத் தகராறில் ஆண்டுக்கணக்காக முகம் பார்க்காதவர்கள். இப்போது இருவரும் சேர்ந்து ஒரே குரலில் அவனைத் திட்டினார்கள். லிஃப்ட் கோளாறுக்கு இப்படியும் ஒரு பலன் உண்டா என்று சிரித்துக்கொண்டே வீடு வந்தான். வந்து ஒவ்வொரு விசையாக அழுத்தினான், ஒற்றை விரலால், லிஃப்ட் பொத்தானை அழுத்துகிற அதே நிதானத்தோடு. எல்லாம் வந்தது. 'ம' கணீரென்று வந்தது. மூடியைப் போட்டுத் திருகிவிட்டான்.

மாமியார் வெள்ளிக்கிழமை முழுக்க அதில் பழகினார். உள்ளறைக் கதவைச் சாத்திக்கொண்டு அடித்தார். மெதுவாகத் தொடங்கிய சத்தம் பிறகு தகரக் கூரையில் மழை பிடித்த மாதிரி ஆனது, நடுநடுவே நின்றது, மறுபடி பிடித்தது. மாலையில் வெளியே வந்தார். அவன் கைகளைத் துடைத்துக்கொண்டு குறைகளை வாங்கிக்கொள்ளத் தயாராக நின்றான்.

"நல்லா இருக்கு மாப்பிள்ளை," என்றார். "ஒரு குறையும் இல்ல."

மனைவி அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். மாமியார் டீயை வாங்கிக் குடித்தார். டீயைப் பற்றியும் ஒன்றும் சொல்லவில்லை.

மனைவிக்கு ஒரே பெருமை. அம்மா வாயிலிருந்து இப்படி ஒரு சொல் வந்ததைத் தன் கல்யாணத்தில்கூடக் கேட்டதில்லை என்றாள். அவனுக்கோ அன்று சாப்பாடு இறங்கவில்லை. லிஃப்டில் சத்தம் போடுகிற கயிற்றுக்கு அவன் பயப்பட மாட்டான். வருடக்கணக்காகக் கிறீச்சிட்ட கயிறு ஒரு நாள் சத்தமே இல்லாமல் ஓடினால்தான் மேலே ஏறிப் பார்ப்பான். மறுநாள் வேலையிலும் இதே நினைப்பு. இடைவெளி விசை கொஞ்சம் கடகடவென்று சத்தம் போடும். அது அவனுக்கே தெரியும். அதைக்கூடச் சொல்லாமல் எப்படி விட்டார்?

சனிக்கிழமை மாலை மனைவி முகம் மாறி வந்தாள். அம்மா அவளிடம், கடையிலிருந்து தூசிக்குக் கட்டுகிற முகமூடி கொஞ்சம் வாங்கி வரச் சொல்லியிருந்தார். எதற்கு என்று துருவியதில் விஷயம் வெளிவந்தது. தலைமை எழுத்தரிடம் தொலைபேசியில் பேசி, பரீட்சை எல்லாம் வேண்டாம், பதிவறைக்கே வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டாராம். மாப்பிள்ளை மனம் நோகக் கூடாது, அவரிடம் மூச்சு விடாதே என்றாராம்.

"அப்ப கீபோர்டு நல்லா இருக்குன்னு ஏன் சொன்னாங்க?" என்று அவன் கேட்டான்.

"அதான் எனக்கும் புரியல. வலியும் இல்லையாம். வலி இல்லாம ஒரு மனுஷி ஏன் கரப்பான்பூச்சிகிட்ட போய் உக்காரணும்?"

அவன் நேராக உள்ளறைக்குப் போய், ஒரே ஒரு தடவை தன் கண்ணெதிரே வேகமாக அடித்துக் காட்ட வேண்டும் என்றான். மாமியார் தலைவலி என்றார். பிறகு கண் வலி என்றார். கடைசியில் அடிப்பதற்கு விஷயம் ஒன்றும் இல்லை என்றார். அதற்குத்தான் மனைவி காத்திருந்தாள். கட்டிலில் சம்மணமிட்டு உட்கார்ந்து, சாட்சிக் கூண்டில் நிற்கிறவள் போலத் தொண்டையைச் செருமினாள்.

"சாட்சி கூறுவதாவது. நானும் எதிரியும் ஒரே வீட்டில் வசிக்கிறோம். எதிரி சமையல் மேசையில் ஈயமும் கம்பியும் திருகும் பரப்பி வைப்பதும், கேட்டால் இதோ முடிந்தது என்று சொல்வதும் வழக்கம். துவைக்கப் போடும் சட்டையிலும் திருகு, தலையணையிலும் திருகு. நேற்று சாதத்திலும்…"

"ஏய், அது கடுகு," என்றான் அவன்.

"எதிரி குறுக்கிடுகிறார் என்பதையும் பதிவு செய்யவும்."

மாமியாரின் விரல்கள் தாமாகவே ஓடத் தொடங்கியிருந்தன. சாட்சி பேசினால் அவை நிற்காது. மகள் வேகத்தைக் கூட்டக் கூட்ட அவையும் கூட்டின. அவன் விரல்களைப் பார்க்காமல் திரையைப் பார்த்தான். 'ஈயமும்' என்ற சொல் விழுந்தது. அதன் வாலில் ஒரு காற்புள்ளி விழுந்தது. கண் சிமிட்டுவதற்குள் அழிந்தது. 'கம்பியும்'. மறுபடி காற்புள்ளி, மறுபடி அழிப்பு. அவர் கண் அதைப் பார்ப்பதற்கு முன்பே விரல் அழித்துவிட்டது. ஒரு நாள் முழுக்கக் கதவைச் சாத்திக்கொண்டு அவர் பழகியது இதைத்தான் என்று அவனுக்குப் புரிந்தது.

"போதும் அத்தை," என்றான்.

மாமியார் கைகளை மடியில் வைத்துக்கொண்டார். மகள் பக்கம் பார்க்கவில்லை.

"பாத்துட்டீங்கல்ல. கட்டைவிரல் வழுக்குது," என்றார். "மெதுவா அடிச்சா வரல. வேகமா அடிச்சா பக்கத்து கீயில போய் விழுது. இடது கைக்குத்தான் வலின்னு நெனச்சேன். இப்ப வலதும் பேச்சு கேக்கல. கோர்ட்டுல எல்லார் முன்னாடியும் இத ஏன் காட்டிக்கணும். நீங்க நல்லாத்தான் செஞ்சிருக்கீங்க மாப்பிள்ளை. கைதான் சரியில்ல."

அவனுக்கு அந்தக் காற்புள்ளிகளைப் பார்த்ததிலிருந்தே ஒன்று உறுத்தியது. அவை 'ம்' என்று முடிந்த சொற்களுக்குப் பின்னால் மட்டும் விழுந்தன. 'கேட்டால்' என்ற சொல்லுக்குப் பின்னால் இல்லை. 'என்று' என்பதற்குப் பின்னாலும் இல்லை. வழுக்குகிற விரல் சொல் பார்த்தா வழுக்கும்?

"தப்புப் பண்றதுல இவ்வளவு ஒழுங்கு மனுஷனுக்கு வராது அத்தை," என்றான்.

சமையலறைக்குப் போய் இடுக்கியை எடுத்து வந்தான். வலது பாதியைத் தன் பக்கம் திருப்பி, காற்புள்ளி விசையின் மூடியைக் கழற்றினான். பிறகு விசையையே காலோடு பிடுங்கி எடுத்து மாமியாரின் உள்ளங்கையில் வைத்தான். போர்டில் அந்த இடம் பல் விழுந்த மாதிரி பள்ளமாக இருந்தது.

"இப்ப அடிங்க."

"எதுக்கு?"

"அடிங்க அத்தை. சாட்சி இன்னும் இறங்கல."

மனைவி விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். எதிரியின் செருப்பும் குடையும் தலைக்கவசமும் வாசலை அடைத்துக்கொண்டிருப்பது பற்றி ஒரே ஓட்டமாக ஓடினாள். மாமியார் ஒரு கையில் விசையை வைத்துக்கொண்டு எப்படி அடிப்பது என்று பார்த்து, அதைப் பல்லிடுக்கில் கவ்விக்கொண்டு அடித்தார். திரையில் 'குடையும்' விழுந்தது. பின்னாலேயே காற்புள்ளி விழுந்தது.

விரல்கள் நின்றன. மாமியார் வாயிலிருந்த விசையை எடுத்துப் பார்த்தார். பிறகு போர்டில் இருந்த பள்ளத்தைப் பார்த்தார். கட்டைவிரலால் அந்தப் பள்ளத்தைத் தொட்டும் பார்த்தார்.

"இல்லாத கீய நீங்க எப்படி அத்தை அமுக்குவீங்க?"

அவர் விசையை விரல்களுக்கு நடுவே உருட்டிக்கொண்டே இருந்தார். மகள் எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்ததைக்கூடக் கவனித்ததாகத் தெரியவில்லை. கடைசியில், "அப்ப என் விரல் மேல குத்தம் இல்ல," என்று மெல்லச் சொன்னார். அது கேள்வியா பதிலா என்று தெரியவில்லை. அவன் இரண்டுக்கும் சேர்த்துத் தலையாட்டினான்.

அவனுக்கும் இப்போது அந்தக் காற்புள்ளி வந்த வழி தெரிந்தது. மெதுவாக அடித்தால் ஒரு விசை எழுந்த பிறகு அடுத்தது இறங்கும். இவர் அடிக்கிற வேகத்தில் 'ம', புள்ளி, இடைவெளி மூன்றும் ஒரு கணம் சேர்ந்தே அழுந்தியிருக்கும். 'ம'வும் புள்ளியும் ஒரே குறுக்குக் கம்பியில். 'ம'வும் இடைவெளியும் ஒரே நெடுக்குக் கம்பியில். கட்டத்தின் மூன்று மூலைகள். எங்கோ ஒரு காவல்காரன் தூங்கினால் மின்சாரம் பின்பக்கமாகப் புகுந்து சுற்றிக்கொண்டு போய், நான்காவது மூலையும் அழுந்தியதாகச் சில்லை ஏமாற்றிவிடும். அந்த நான்காவது மூலைதான் காற்புள்ளி. அதற்கு எதிர்மூலையில் இருப்பது 'ம'. தூங்குகிற காவல்காரன் 'ம'வின் டயோடாகத்தான் இருக்க வேண்டும். ஒற்றை விரலால் அழுத்திப் பார்க்கிறவனுக்கு இது ஆயுள் முழுக்கத் தென்படாது.

இதை அவன் விளக்கிக்கொண்டே திருகுகளைக் கழற்றினான். மூடியைத் தூக்கி, போர்டைக் கவிழ்த்து, விளக்கை நெருக்கினான். விளக்கம் பாதியில் நின்றது.

'ம' டயோடின் முதுகில், முனையிலிருந்து முனைக்கு, ஒரு செப்பு இழை மினுங்கிக்கொண்டு கிடந்தது. காவல்காரன் தூங்கவில்லை. ஏற்கெனவே செத்துப்போயிருந்தான். செத்த காவல்காரன் முதுகின் மேல் பாலம் கட்டி, போக்குவரத்தை இரண்டு பக்கமும் திறந்துவிட்டது இவன் சொந்தக் கையேதான்.

"என்னங்க அது?" என்று மனைவி எட்டிப் பார்த்தாள்.

அவன் இடுக்கியால் அந்த இழையைத் தொட்டுக் காட்டியதிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஊரெல்லாம் அவன் சொல்லித் திரிந்த கதையை அவள் எத்தனை சாப்பாட்டு வேளையில் கேட்டிருப்பாள். "ஜம்பரா?" என்றாள். பிறகு தலையணையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டாள். தலையணை குலுங்கியது.

மாமியார் விவரம் கேட்டார். மகள் சிரிப்புக்கு நடுவே துண்டு துண்டாகச் சொன்னாள்: சிவப்புக் கம்பி, எண்ணுவது, கணக்கு சரியாக வந்தால்தான் மூடுவது, கிளை மாறிப் போன மனிதர். அவர் ஒவ்வொன்றையும் தலையாட்டி வாங்கிக்கொண்டார். முகத்தில் பழைய களை மெல்ல மெல்ல ஏறியது.

"இது செவப்பா இல்லையே மாப்பிள்ளை," என்றார்.

"இல்ல அத்தை."

"வாலும் காணோம்."

"இல்ல அத்தை."

"எண்ணுறதுக்கு ஆளும் வச்சுக்கல. பக்கத்து ரூம்ல நான் சும்மாதான உக்காந்திருந்தேன். கூப்பிட்டிருந்தா ஒண்ணுன்னு எண்ணியிருப்பேன்."

அவன் சால்டரிங் கோலைச் சூடாக்கப் போனான். வேறு போக்கிடம் இல்லை. இந்த முறை மாமியாரும் மகளும் நாற்காலிகளை இழுத்துக்கொண்டு சமையல் மேசைக்கே வந்து உட்கார்ந்தார்கள். இழையை எடுத்தான். செத்த டயோடை எடுத்தான். புதிய டயோடின் முகத்தில் இருந்த வெள்ளைக் கோடு எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று போர்டில் வரைந்திருந்த அடையாளத்தோடு ஒத்துப்பார்த்தான், மறுபடி பார்த்தான், மாமியார் கேட்டதால் அவருக்கும் காட்டினான். "வெளிய என்னென்ன கிடக்கு, சத்தமா சொல்லுங்க," என்று அவர் உத்தரவிட்டார். இழை, பழைய டயோடு என்று அவன் சொன்னான். அவர் இரண்டையும் விரலால் தொட்டு எண்ணி, தட்டில் போட்ட பிறகே மூடியைத் தொட அனுமதித்தார். தட்டு மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம், மனைவியின் பாதியில் இருந்தது. மனைவி ஒன்றும் சொல்லவில்லை.

காற்புள்ளி விசையை மறுபடி சொருகி, அவன் மூன்று விரலை ஒன்றாக வைத்து அழுத்திப் பார்த்தான். 'ம', புள்ளி, இடைவெளி. திரையில் 'ம்' மட்டும் விழுந்தது. கட்டத்தில் இருக்கிற மூலைகளையெல்லாம் மும்மூன்றாக அழுத்திப் பார்த்தான். பிறகு மாமியார் அடித்தார். சாட்சி இந்த முறை பொய்யும் கலந்து ஒரே மூச்சில் ஓடினாள். ஈயமும் கம்பியும் குடையும் தலைக்கவசமும் சுத்தமாக வந்து விழுந்தன. அவர் விரல் அழிக்கிற விசைக்குத் தானாகப் போய்ப் போய்த் திரும்பியது. அந்தப் பழக்கத்தை விரட்ட ஞாயிற்றுக்கிழமை முழுவதும் ஆனது.

நடுவில் தலைமை எழுத்தரிடம் தொலைபேசியில் மறுபடி பேசினார். பதிவறைக்கு அமைதியான சுபாவம் உள்ள வேறு யாரையாவது பாருங்கள், நான் திங்கட்கிழமை பரீட்சைக்கு வருகிறேன் என்றார். அந்த மனிதர் பெருமூச்சு விட்டது தொலைபேசிக்கு வெளியே இவர்களுக்கே கேட்டது.

திங்கட்கிழமை அவன் அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு கூடவே போனான். விசைப்பலகையைத் துண்டில் சுற்றி, குழந்தையைத் தூக்குகிற மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டு வந்தான். வாயிலில் காவலர் நிறுத்தி, கம்பி தெரிகிறதே, இது என்ன என்று கேட்டார். அவன் குறுக்குக் கம்பியில் ஆரம்பித்தான். மாமியார் அவனை ஒரு பார்வையில் நிறுத்திவிட்டு, "என்னோட சாமான்," என்றார். காவலர் உடனே வழி விட்டார்; அவருக்கு மாமியாரைத் தெரியும்.

கூடம் இன்னும் நிரம்பவில்லை. மின்விசிறிகள் அப்போதுதான் சுழலத் தொடங்கியிருந்தன. நீதிபதியின் மேடைக்குக் கீழே அந்தத் தாழ்ந்த மேசை துடைத்து வைக்கப்பட்டிருந்தது. பழைய விசைப்பலகையை யாரோ நகர்த்தி ஓரமாகச் சாய்த்திருந்தார்கள். தலைமை எழுத்தர் ஒரு கட்டுக் காகிதத்தோடு பக்கத்தில் நின்று, வாசித்துக் காட்டுவதற்காகக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மாமியார் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். உயரத்தைச் சரி செய்தார். பிறகு மேசை விளிம்புக்கு மேலாக இரண்டு கைகளையும் நீட்டினார்.

"கொடுங்க மாப்பிள்ளை."

அவன் துண்டைப் பிரித்தான். முதலில் இடது பாதியையும், பிறகு வலது பாதியையும் அந்தக் கைகளில் வைத்தான்.